சாக்கட்டியில் தெரிந்த கோடு

அந்தப் பையக் கொஞ்சம் பாத்துக் கால வைங்க. உள்ள இரும்புங்க. போன தடவ இப்படித்தான் ஒருத்தரு தெரியாம எத்திட்டு, சேலம் வரைக்கும் வெரலப் புடிச்சுட்டே வந்தாரு.

பாத்திரமெல்லாம் இல்லைங்க. கிளட்ச். காருக்குப் போடறது. பதினாலு கிலோ வரும். கூரியர்ல போடுங்கன்னா போட்டு விட்ருவாங்க. ஆனா எனக்கு அது சரிப்படாதுங்க. நானே பெங்களூர் போயி, கையில எடுத்துப் பாத்து, தட்டிப் பாத்து வாங்கிட்டு வந்தாத்தான் மனசு ஆறும். எங்க வீட்டுக்காரருக்கு எடது காலு இல்லைங்க. இந்த மாதிரி ஒண்ணுதான் எடுத்துட்டுப் போச்சு.

ஐயோ, இது இல்லைங்க, பயப்படாதீங்க. இது நல்ல சாமான்.

உங்களுக்குக் காரு ஓட்டத் தெரியுங்களா? தெரியாதா? பரவால்ல, சொல்றேன். எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். அதோட ஒட்டி ஒரு கனமான சக்கரம் சுத்தும், ஃப்ளைவீல்னு பேரு. அது மேல ஒரு தட்டு வந்து அழுத்திப் புடிச்சா வண்டி நகரும். கால்ல மிதிச்சா தட்டு பிரியும், விட்டா ஒட்டும். அவ்வளவுதாங்க கிளட்ச். சாதா காருக்கு சாதா தட்டு போதும். இப்பப் பசங்க எஞ்சின்ல டர்போ அது இதுன்னு போட்டு சக்திய மூணு மடங்கு ஏத்திடறாங்க. அப்ப பழைய தட்டு தாங்காது. வழுக்கும், கருகும். அதுக்குன்னே தனியாப் புடி அதிகமான கிளட்ச் வருது. எது போடறது, எப்படிப் போடறது, அதுலதான் எல்லாம் இருக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்கறீங்க? கோயமுத்தூர்ல, சங்கனூர்ல எங்களுக்கு ஒர்க்‌ஷாப்புங்க. பத்தொம்பது வருசமா அதுக்குள்ளதான் இருக்கேன். எம் பேரு கலாமணி. வீட்டுக்காரரு பேரு தண்டபாணி. பந்தயக் காரு வெச்சிருக்கறவங்ககிட்ட தண்டபாணின்னு சொல்லிப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் சத்தத்தக் கேட்டே கோளாறு சொல்லுவாரு. அப்படி ஒரு கை.

என்ன, அந்தக் கை கொஞ்சம் நீளம்.

அடிப்பாருங்க. பெருசா சொல்ற மாதிரியெல்லாம் இல்ல. ஒரு தடவ பதினேழாம் நம்பர் ஸ்பேனர வீசினாரு, இந்தத் தோள்பட்டைக்குப் பக்கத்துல எலும்பு விட்டுப்போச்சு. ஒரு தடவ ஃபேன் பெல்ட்டு. ரேடியேட்டர் கொதி தண்ணி ஒரு தடவ தொடையில விழுந்துச்சு, அது அவரு வேணும்னு பண்ணலைங்க, நான் நின்ன எடம் சரியில்ல. வேலைக்கு வர்ற ஆளுகளையும் அடிப்பாரு. அதனால யாரும் மூணு மாசம் தாண்ட மாட்டாங்க. அப்ப யாரு கூட நிக்கறது? நாந்தான். மொதல்ல அவரு காருக்கு அடியில படுத்திருக்கறப்ப மேல உக்காந்து பெடல் மிதிச்சுக் குடுப்பேன். அப்புறம் சாமான் கழுவுவேன். அப்புறம் கியர்பாக்ஸ் எறக்க ஒரு பக்கம் புடிப்பேன். பாத்துப் பாத்து எல்லாம் வந்துருச்சு. யாரும் சொல்லித் தரலைங்க. சொல்லித் தரக் கூப்புட்டாலும் நான் போயிருக்க மாட்டேன், பக்கத்துல போனா அடி விழுமே.

எனக்கு அவரு மேல கோபமே கெடையாதுங்க. அத முன்னாடியே சொல்லிடறேன்.

போன வருசம் தை மாசம். நிகில்னு ஒரு தம்பி வந்துச்சு. மில்லுக்காரங்க வீட்டுப் பையன், முப்பது வயசு இருக்கும். பழைய வெள்ளைக் காரு ஒண்ணு, பின் சக்கரம் இழுக்கற வண்டி. அதுல எஞ்சின மாத்தி முன்னூத்தி எண்பது எச்பி ஆக்கி வெச்சிருந்துச்சு. மாசி கடைசி ஞாயித்துக்கெழம பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயம். ஒரு பழைய மில்லுக்கு உள்ள நீளமா தார் ரோடு இருக்கு, நானூறு மீட்டர், ரெண்டு காரு நேரா ஓடணும், யாரு மொதல்ல. அதுக்குள்ள கிளட்ச் மாத்தித் தரணும். தம்பி வண்டி தர்றது, எங்க வீட்டுக்காரரு ஓட்டறது. அப்படித்தான் எப்பவுமே. பந்தயத்துல கிளம்பறது ஒரு தனி வித்த, அது அந்தத் தம்பிக்கு வராது.

பெஞ்சு மேல ரெண்டு கிளட்ச் வெச்சிருந்தாரு. ஒண்ணு சாதாத் தட்டு, மேல அழுத்தற பிரஷர் பிளேட்டு மட்டும் கடுசு. இன்னொண்ணு பட்டன் பிளேட்டு. செம்புக் கலவையில ஆறு பட்டன் ஒட்டியிருக்கும், நடுவுல ஸ்பிரிங்கு இருக்காது. விட்டா ஒரே கடி. பாதிப் புடின்னு ஒண்ணு அதுல கெடையாது. அவருக்கு அதுதான் புடிக்கும்.

"இத மாட்டறோம் தம்பி, காரு பாயும் பாருங்க"ன்னாரு.

நான் ஓரமா நின்னுட்டு இருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். வாயி நிக்கல. "தம்பி, இந்தக் காரப் பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுவீங்களா, ரோட்டுலயும் ஓட்டுவீங்களா?"ன்னு கேட்டுட்டேன்.

"ரோட்டுலயும்தான்க்கா. மில்லுக்கு இதுலதான் போவேன்."

"அப்படின்னா பட்டன் பிளேட்டு வேண்டாங்க. காந்திபுரத்துல டிராபிக்ல ஊர்ந்தீங்கன்னா ஃப்ளைவீலு வெந்துரும். இது கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு, அது தாங்காது. இரட்டத் தட்டு கிளட்ச் இருக்கு, ஸ்டீல் ஃப்ளைவீலோட சேத்தே வரும். புடி ரெண்டாப் பிரிஞ்சுக்கும், பெடலும் லேசா இருக்கும். சொன்னா ஆறு வாரத்துல வந்துரும். பந்தயத்துக்கு ஏழு வாரம் இருக்கு."

"அவ பெடல் மிதிக்கறவ தம்பி. அவளுக்கு என்ன தெரியும்"னாரு இவரு, சிரிச்சுட்டே.

"இல்லண்ணா, அக்கா சொல்றது சரியாத்தான் படுது"ன்னுச்சு அந்தத் தம்பி.

அந்தத் தம்பி நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. பத்தொம்பது வருசத்துல நான் சொன்னத சரின்னு சொன்ன மொத ஆளு. ஆனா அவரு முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம்.

கடைசியில இவரு பேசிப் பேசி பட்டன் பிளேட்டுக்கே சம்மதிக்க வெச்சுட்டாரு. தம்பி காரு சாவியக் குடுத்துட்டுப் போச்சு. இவரு ஷட்டரப் பாதி எறக்கினாரு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், வெளிய சனம் போயிட்டும் வந்துட்டும் இருக்கு. எந் தலமுடியப் புடிச்சு பெஞ்சு மேல சாச்சாரு. கையில கிளட்ச் ஃபோர்க்கு இருந்துச்சு, கிளட்ச்சப் பிரிக்கற இரும்புக் கவைங்க, இத்தாத்தண்டி. அதுலயே வாயில ஒண்ணு போட்டாரு. ரெண்டு பல்லு தெறிச்சு அந்தப் பட்டன் பிளேட்டுக்குப் பக்கத்துலயே விழுந்துச்சு. நான் கத்தலைங்க. கத்த முடியாது, வாயி முழுக்க ரத்தம்.

"இனி வண்டியப் பத்தி உன்ர வாயில ஒரு வார்த்த வந்துச்சு, மிச்சத்தையும் எடுத்துருவேன். கேட்டுச்சா?"

தலைய ஆட்டினேன்.

"கேட்டுச்சான்னு கேட்டேன்."

"கேட்டுச்சுங்க."

அவ்வளவுதான். சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தாரு, வாய்க்கு எதமா இருக்கும்னு. அப்படிப்பட்ட மனுஷன்தாங்க. கோபம் வந்தா மட்டுந்தான்.

ரெண்டு நாள்ல வேலைய முடிச்சோம். அவரு அடியில, நான் மேல. பிளேட்டு சரியா நடுவுல உக்காரணும், அதுக்குப் பழைய ஷாஃப்ட் ஒண்ண விட்டுப் புடிச்சுக்கணும், போல்ட்ட ஒரே பக்கமா முறுக்காம எதிரும் புதிருமா முறுக்கணும். நான் ஒரு வார்த்த பேசல. ஒம்பதாம் நம்பர் ஸ்பேனரு வேணும்னா கைய நீட்டுவாரு, குடுப்பேன். பெடல் மிதின்னா மிதிப்பேன்.

நான் சொன்னதுதாங்க நடந்துச்சு. அஞ்சு வாரத்துல தம்பி காரக் கொண்டாந்துருச்சு. "அண்ணா, சிக்னல்ல நின்னு எடுத்தா குதிரையாட்டம் குதிக்குது, கருகுன வாட வருது"ன்னுச்சு. கியர்பாக்ஸ எறக்கிப் பாத்தா ஃப்ளைவீலு முகமெல்லாம் நீல நீலமாத் திட்டு. வெந்து போயிருக்கு. பந்தயத்துக்கு பத்து நாள்தான் இருந்துச்சு.

தம்பி என்னப் பாத்து, "அக்கா, வாய்க்கு என்னாச்சு?"ன்னு கேட்டுச்சு.

"ஷட்டர் பட்டுருச்சு தம்பி"ன்னேன்.

அது நம்பலைங்க. இவரயும் பாத்துச்சு, என்னயும் பாத்துச்சு. அப்புறம், "ஸ்டீல் ஃப்ளைவீல் இப்பச் சொன்னா கெடைக்குமாண்ணா?"ன்னு கேட்டுச்சு. ஆறு வாரம். எங்க கெடைக்கும்?

இவரு, "அதெல்லாம் எதுக்கு, இதையே லேத்துல குடுத்து முகத்த சீவிக்கலாம். பின்னாலயும் கொஞ்சம் சீவி எடையக் கொறச்சா எஞ்சின் இன்னும் வேகமா ஏறும்"னாரு. வார்ப்பிரும்ப அப்படி மெலிசாக்கக் கூடாதுங்க. அது மண்பானையாட்டம், சுத்தற வேகத்துல பிஞ்சு போயிரும். எனக்குத் தெரியும். ஆனா வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு ஆயிருச்சே. தொறக்கல.

புதன்கெழம லேத்துல இருந்து வந்துச்சு. பளபளன்னு, கண்ணாடியாட்டம். கழுவிக் குடுன்னு எங்கிட்ட வெச்சுட்டு வெளிய போனாரு. எங்க வாசல்ல ஒருத்தன் டெம்போவ நிறுத்திட்டான்னு அவனோட சண்ட. அவன் சட்டையப் புடிச்சு இழுத்து டெம்போக் கதவுல மோதிட்டு இருந்தாரு, டம்மு டம்முன்னு சத்தம் கேக்குது. நான் உள்ள ஃப்ளைவீலு கழுவறேன்.

சும்மா கழுவலைங்க. எப்பவுமே நான் பண்ணறது ஒண்ணு இருக்கு. மண்ணெண்ணெயில கழுவி, நல்லாத் தொடச்சுட்டு, போர்டுல எழுதற சாக்கட்டிய எடுத்து மேல தேய்ப்பேன். இரும்புல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா அதுக்குள்ள போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிஞ்சு சாக்கட்டி மேல கோடாத் தெரியும். அன்னைக்கும் தேச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா, போல்ட்டு ஓட்டையில இருந்து வெளிப்பக்கமா ஒரு கோடு. மயிரு மாதிரி. ஒரு வெரல் நீளம். கருப்பா.

அது சாவுங்க. தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் அத எடுத்து வெளிய வீசிருவாங்க. நிமிசத்துக்கு ஏழாயிரம் சுத்துல அது ஓடுனா குண்டு வெச்ச மாதிரி.

பாத்துட்டே உக்காந்திருந்தேன். வெளிய டம்மு டம்மு. நாக்கு அதுபாட்டுக்குப் பல்லு இல்லாத எடத்துக்குப் போயிட்டுப் போயிட்டு வருது. அப்புறம் துணிய எடுத்தேன். தொடச்சேன்.

அவரு வேர்த்து விறுவிறுத்து உள்ள வந்தாரு. கைமுட்டியில தோலு போயி ரத்தம்.

"ஆச்சா?"

"ஆச்சுங்க."

"சுத்தமா இருக்கா?"

"சுத்தமா இருக்குங்க."

சுத்தமாத்தாங்க இருந்துச்சு. அவரு கேட்டதுக்குப் பதில் சொன்னேன். விரிசல் இருக்கான்னு அவரு கேக்கல. வண்டியப் பத்தி நான் பேசக் கூடாது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணியிருக்கணும்? எல்லாம் அவரு சொன்னபடிதான் கேட்டேன்.

அன்னைக்கே மாட்டிட்டோம். போல்ட்டு எட்டு. அவரு முறுக்கறாரு, நான் ஃப்ளைவீலு சுத்தாமப் புடிச்சுக்கறேன். அந்த விரிசல் எங் கட்டவெரலுக்குக் கீழதான் இருந்துச்சு.

வியாழன், வெள்ளி, சனி. மூணு நாளு. சமைச்சேன், தொவைச்சேன், கோயிலுக்குப் போனேன். மறந்துட்டேன்னே வெச்சுக்கங்களேன். வேல அவ்வளவு. ஞாயித்துக்கெழம ஓட்டப் போறது அவருதான்னு எனக்குத் தெரியாமயா? தெரியும். அதுக்கும் இதுக்கும் நான் முடிச்சுப் போடலைங்க. சத்தியமா.

ஞாயித்துக்கெழம காலையில பல்லடம் போயிட்டோம். சரியான கூட்டம். பொகையும் மைக் சத்தமும். ஈரோட்டுல இருந்து சேமலையப்பன்னு ஒரு மெக்கானிக்கு வந்திருந்தாரு, அவருக்கும் இவருக்கும் ஆகாது. அவரு எங்க காரு குதிச்சுக் குதிச்சு வந்து நின்னதப் பாத்துட்டு, "என்ன தண்டபாணி, பட்டன் பிளேட்டா? பந்தயம் முடிஞ்சு வீட்டுக்குத் தள்ளிட்டா போவ?"ன்னாரு. நாலு பேரு சிரிச்சாங்க.

இவரு நேராப் போயி மண்டையாலயே அந்தாளு மூக்குல முட்டினாரு. மூக்கு ஒடையற சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு. கீழ விழுந்தவரு வயித்துல உதைக்கறாரு, உதைக்கறாரு, நாலஞ்சு பேரு சேந்து புடிச்சும் நிறுத்த முடியல. பந்தயம் நடத்தறவங்க வந்து, "இந்தாளு இன்னைக்கு ஓட்டக் கூடாது, மொத வெளிய அனுப்புங்க"ன்னுட்டாங்க.

இவரு கத்துறாரு. தம்பி வந்து சமாதானம் பண்ணிட்டு, "விடுங்கண்ணா, பேரு குடுத்தாச்சு. நானே ஓட்டிடறேன்"னுச்சு.

நான் அப்ப மரத்தடியில உக்காந்து வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன், மத்தியானத்துக்கு. தம்பி ஹெல்மெட்ட எடுத்து மாட்டறது தெரிஞ்சுது. உள்ள உக்காந்து பெல்ட்டப் போடுது. ஒரு பொம்பளப் புள்ள அதுக்கு, ரெண்டு வயசு, போன வாரந்தான் போட்டோ காட்டுச்சு.

எப்ப எந்திரிச்சேன்னு தெரியலைங்க. வெங்காயம் நறுக்கற கத்தி கையிலயே இருக்கு. ஓடிப் போயி காருக் கதவப் புடிச்சுட்டேன்.

"தம்பி எறங்குங்க. எறங்குங்க தம்பி. ஃப்ளைவீல்ல விரிசல் இருக்கு."

அது ஹெல்மெட்டுக்குள்ள இருந்து முழிக்குது. "என்னக்கா?"

"விரிசலு. வெடிச்சுரும். எறங்குங்க."

அதுக்குள்ள இவரு வந்துட்டாரு. காதோட சேத்து ஒரு அறை. நான் கதவ விடல. இன்னொண்ணு. மைக்குல பேசிட்டு இருந்தவரு நிறுத்திட்டாரு, அத்தன சனமும் பாக்குது. முடியப் புடிச்சு இழுத்துத் தார் ரோட்டுல தள்ளினாரு. முட்டி ரெண்டும் பேந்துருச்சு. கீழ கெடந்துட்டே சொல்றேன், "விரிசல் இருக்கு தம்பி, விரிசல் இருக்கு." அதத் தவிர வேற வார்த்தையே வரல.

தம்பி எறங்கிருச்சு. ஹெல்மெட்டக் கழட்டிட்டு, "அண்ணா, கைய எடுங்க. அக்கா சொல்லுச்சுன்னா நான் ஓட்டல"ன்னுச்சு.

அதுதான் அவருக்குத் தாங்கலைங்க. அந்த வார்த்தைதான்.

"விரிசலா? நான் மாட்டுனதுலயா? இப்பப் பாருங்கடா, எல்லாரும் பாருங்க"ன்னு சொல்லிட்டு உள்ள உக்காந்துட்டாரு. பெல்ட்டு போடல, ஒண்ணும் போடல. நடத்தறவங்க ஓடி வர்றாங்க. இவரு கதவச் சாத்திக்கிட்டு ஆக்ஸிலேட்டர மிதிக்கறாரு. எஞ்சின் ஏறுது. நான் ரோட்டுல கெடந்து அவரு மொகத்தப் பாக்கறேன். அவரு என்னத்தான் பாக்கறாரு. சிரிக்கறாரு. கண்ணு என் மேலயே இருக்கு, கால மட்டும் அழுத்தறாரு. அது கத்துது. அஞ்சாயிரம், ஆறாயிரம், சத்தத்துலயே சொல்லிருவேன். அப்ப நான் கத்துனேங்களா, என்ன கத்துனேன், ஒண்ணும் நெனப்பில்ல. கிளட்ச்ச டக்குன்னு விட்டாரு.

வெடிச்சா டப்புன்னு இருக்கும்னு நெனப்பீங்க. அப்படி இல்லைங்க. தகரத்த யாரோ ஒரே இழுப்புல கிழிக்கற மாதிரி ஒரு சத்தம். பானெட்டு மேல எந்திரிச்சுப் போச்சு. ஒரு துண்டு முன் கண்ணாடியக் கிழிச்சு, கூரையில ஓட்ட போட்டுட்டுப் போயி, எழுபதடி தள்ளி இருந்த தகரக் கொட்டாய் மேல விழுந்துச்சு. ஒரு துண்டு ரோட்டுல அரையடிக்குப் பள்ளம் பறிச்சுது. ஒரு துண்டு உள்ள போச்சு. பின் சக்கர வண்டியில கிளட்ச் இருக்கற எடம் டிரைவரோட எடது காலுகிட்டயே இருக்கும். நடுவுல ஒரு தகரந்தான்.

அப்புறம் அவரு கத்துனாரு. அந்த மாதிரி ஒரு சத்தம் அவருகிட்ட இருந்து வந்து நான் கேட்டதே இல்லைங்க. பன்னி மாதிரி.

கிட்டப் போக எல்லாரும் பயந்து நிக்கறாங்க. நாந்தான் போனேன். கதவு தொறக்கல, கண்ணாடி வழியா உள்ள பூந்தேன். பாதம் ஷூவோட தனியா, கிளட்ச் பெடலுக்குக் கீழ கெடக்குது. மேல எலும்பு வெள்ளையாத் தெரியுது. ரத்தம் பீச்சி அடிச்சு எம் மொகமெல்லாம். கையிலதான் கத்தி இருக்கே, சீட்டு பெல்ட்ட அறுத்தேன், தொடையில ரெண்டு சுத்து சுத்தி, உள்ள ஒரு ஸ்பேனர விட்டு முறுக்கினேன். முறுக்கிட்டே இருந்தேன். அவரு எங் கையப் புடிச்சுக்கிட்டு, "கலா, கலா"ங்கறாரு. பத்தொம்பது வருசத்துல என்ன அவரு பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லைங்க. ஏய்னுதான்.

அந்த முறுக்குதான் உசுரக் காப்பாத்துச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஒன்றர மாசம் இருந்தோம்.

என்னப் பத்தி ஊரே பெருமையாப் பேசுச்சு. "இப்படியும் ஒரு பொண்டாட்டி இருப்பாளா, அத்தன அடியும் வாங்கிட்டு எச்சரிக்க பண்ணினா, அப்புறம் அவளே உசுரையும் காப்பாத்தினா"ன்னு. பாக்க வர்றவங்ககிட்ட அவரே சொல்லுவாரு, "அவ சொன்னா, நாந்தான் கேக்கல"ன்னு. சேமலையப்பன் கூட மூக்குல கட்டோட வந்து ஆப்பிள் குடுத்துட்டுப் போனாரு. நிகில் தம்பி மட்டும் ஒரே ஒரு தடவ வந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுச்சு, எங்கிட்ட என்னமோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சு, கேக்காமப் போயிருச்சு. அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்கு வர்றதே இல்லைங்க. போனு பண்ணுனாலும் எடுக்கறதில்ல. என்னத்தச் சொல்றது? அதுக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? எறக்கி விட்டதே நாந்தான்.

இப்ப ஒர்க்‌ஷாப்ப நாந்தான் பாக்கறேன். வேலைக்கு ரெண்டு பேரு இருக்காங்க, இப்ப யாரும் ஓடறதில்ல. எந்த காரு வந்தாலும் மொதல்ல நான் கேக்கறது, எங்க ஓட்டுவீங்க, எப்படி ஓட்டுவீங்க. அதுக்கேத்த மாதிரிதான் கிளட்ச். சக்தி அதிகமான வண்டின்னா ஸ்டீல் ஃப்ளைவீலு இல்லாமத் தொடவே மாட்டேன். பழசச் சீவி மாட்டுங்கன்னு யாராவது சொன்னா சாவியத் திருப்பிக் குடுத்துருவேன்.

அவரும் வருவாரு. கட்டக் கால மாட்டிக்கிட்டு பெஞ்சுகிட்ட ஸ்டூல்ல உக்காந்து சாமான் கழுவிக் குடுப்பாரு. ரொம்ப அடக்கமாயிட்டாருங்க. நீங்க பாத்தா நம்ப மாட்டீங்க. நான் மேல இருக்கற ஸ்பேனர எடுக்கக் கையத் தூக்குனாக்கூடக் கண்ண மூடிக்குவாரு. எனக்குச் சிரிப்பு வந்துரும். அடிக்கவா போறேன்? மூணு நாலு தடவதான் அடிச்சிருக்கேன். அதுவும் வேலையில கவனமில்லாம இருந்தாருன்னு. போல்ட்டக் கீழ போட்டுட்டாரு, ஒரே ஒரு போல்ட்டு, எடுத்த கால்லயே ஒண்ணு வெச்சேன். நல்ல காலு மேல படலைங்க. அன்னைக்குச் சாயங்காலமே பஜ்ஜி வாங்கிக் குடுத்துட்டேன்.

ஆடி மாசம், ஒரு நாள் காலையில வேல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு இருந்தோம். அவரு திடீர்னு, "கலா, அந்த விரிசல நீ எப்பப் பாத்த?"ன்னு கேட்டாரு.

"பந்தயத்தன்னைக்குக் காலையிலதாங்க"ன்னேன்.

அவரு டம்ளரப் பாத்துட்டே இருந்தாரு. "அன்னைக்குக் காலையில கியர்பாக்ஸ் மாட்டித்தான் இருந்துச்சு. அது மாட்டியிருந்தா ஃப்ளைவீல் தெரியாதே"ன்னாரு.

சரியாத்தான் சொன்னாரு. கை போனாலும் மூள போகலைங்க. காலு. காலு போனாலும்.

"எப்படியோ கண்ணுல பட்டுச்சுங்க"ன்னேன். டம்ளர வாங்கிட்டுப் போயிக் கழுவி வெச்சேன். அவரு அப்புறம் கேக்கவே இல்ல. நானும் எதுக்கு வளக்கறதுன்னு விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணுங்க. அன்னையில இருந்து மனுஷன் அடியோட மாறிட்டாரு. எம் மேல அவ்வளவு பாசம். முன்னெல்லாம் சோறு போட்ட உடனே உக்காந்து தின்னுட்டுத் தட்டத் தள்ளிவிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு, நான் தின்னனா இல்லையான்னு ஒரு நாள் கேட்டதில்ல. இப்ப அப்படியில்ல. தட்டுல போட்டு வெச்சாலும் கைய வைக்க மாட்டாரு. "நீ மொதல்ல சாப்புடு"ம்பாரு. நான் எடுத்து நாலு வாயி தின்னு முழுங்கற வரைக்கும் அப்படியே எம் மொகத்தையே பாத்துட்டு இருப்பாரு. அதுக்கப்புறந்தான் அவரு தட்டுல கை வைப்பாரு. காப்பி போட்டாலும் அப்படித்தான். மாத்தர குடுத்தாக்கூட அட்டைய வாங்கி ஒரு தடவ பாத்துக்குவாரு. எத்தன பொம்பளைக்குங்க இந்தக் குடுப்பின இருக்கு?